உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எங்கள் ஊராட்சிக்கும் செல்லுமா, வக்கீல் சார்?

வாசகர் கடிதம்:

வக்கீல் சாருக்கு வணக்கம். திருவாடானை ஒன்றியத்தில் ஒரு கடற்கரை ஊராட்சி எங்களுடையது. ஊர் பெயரும் என் பெயரும் போட வேண்டாம். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில் இருக்கிறேன். அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்கள் எல்லாருக்கும் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக இப்போது பி.டி.ஓ.தான் (வட்டார வளர்ச்சி அலுவலர்) தனி அலுவலராக ஊராட்சியைப் பார்க்கிறார். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள் தேர்தலை முடித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டதாகப் படித்தேன். டீக்கடையில் இதைச் சொன்னேன். "அது குஜராத் கேஸுப்பா, கேஸ் போட்டவனுக்குத்தான் தீர்ப்பு, நமக்கில்லை" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அடக்கிவிட்டார். அவர் சொல்வது சரியா? இன்னொன்று. 2019 தேர்தலில் எங்கள் மீனவர் குடியிருப்பை இரண்டு வார்டில் போட்டுவிட்டார்கள். பாதிப் பாதியாக நின்று இரண்டிலும் தோற்றோம். இந்த முறையும் அப்படியே வந்தால், தேர்தல் தேதி அறிவித்ததும் மதுரை ஹைகோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிவிடலாமா?

வழக்கறிஞர் பதில்:

தம்பி, முதல் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில்: செல்லும். இரண்டாவதற்கும் ஒரு வார்த்தைதான்: வேண்டாம். காரணம் சொல்லத்தான் கொஞ்சம் இடம் பிடிக்கும்.

பெரியவரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி. பங்காளிகள் இரண்டு பேர் ஒரு தென்னந்தோப்புக்காக ராமநாதபுரம் கோர்ட்டில் மோதினால், தீர்ப்பு அவர்களையும் அவர்கள் வாரிசுகளையும்தான் கட்டும். பக்கத்துத் தோப்புக்காரருக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடிக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. முன்னால் நிற்கிற இரண்டு பேரின் சண்டை தீர்கிறது. கூடவே, சட்டத்தில் உள்ள ஒரு வரிக்கு அர்த்தம் இதுதான் என்று முடிவாகிறது. சண்டை தீர்ந்தது அந்த இரண்டு பேருக்கு. அர்த்தம் எல்லாருக்கும். அரசியல் சாசனத்தின் 141-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: உச்ச நீதிமன்றம் இதுதான் சட்டம் என்று அறிவித்துவிட்டால், அது நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டும். 144-ஆவது பிரிவு அரசு அதிகாரிகளையும் உள்ளே இழுக்கிறது. அவர்கள் எல்லாரும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணையாகவே செயல்பட வேண்டும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், எந்தப் படகுக்காரர் போன் போட்டுக் கேட்டார் என்றா பார்ப்போம்? தொண்டியில் இருக்கிற படகுக்கும் அது சேர்த்துத்தான்.

நீங்கள் படித்தது 2006 அக்டோபர் 19-ஆம் தேதி வந்த கிஷன்சிங் தோமர் வழக்குத் தீர்ப்பாகத்தான் இருக்கும். பெரியவர் சொன்னபடி குஜராத் கேஸ்தான், அகமதாபாத் மாநகராட்சி சம்பந்தப்பட்டது. ஐந்து நீதிபதிகள் கொண்ட சாசன அமர்வு விசாரித்தது. மாநகராட்சி, நகராட்சிகளின் ஆயுளைச் சொல்வது 243-யு பிரிவு. ஊராட்சிகளின் ஆயுளைச் சொல்வது 243-இ. இரண்டிலும் வாசகம் ஒரே மாதிரி. முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்து ஐந்து வருஷம், அதற்கு மேல் இல்லை. புதிய தேர்தலை அந்தக் காலம் முடிவதற்குள் நடத்தி முடித்திருக்க வேண்டும். "அதற்கு மேல் இல்லை" என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை, சாசனத்திலேயே அந்த வார்த்தை இருக்கிறது. வாக்காளர் பட்டியல் தயாராகவில்லை, வார்டு பிரித்து முடியவில்லை என்பதெல்லாம் தேர்தலைத் தள்ளக் காரணமாகாது என்று அந்த அமர்வு சொன்னது. வெள்ளம், நிலநடுக்கம், பெருங்கலவரம் போல மனிதர் கையை மீறிய நிலைமைக்கு மட்டும் விலக்கு வைத்தது. மாநில அரசு ஒத்துழைக்காவிட்டால் மாநிலத் தேர்தல் ஆணையமே உயர் நீதிமன்றத்துக்கும், தேவைப்பட்டால் உச்ச நீதிமன்றத்துக்கும் போய் உத்தரவு கேட்கலாம் என்றும் சொன்னது. ஆணையத்துக்கு இது ஓர் உரிமை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அது கடமையாகத்தான் தெரிகிறது.

ஆகவே தீர்ப்பு உங்கள் ஊராட்சிக்கும் செல்லும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தீர்ப்பில் எந்த வரி செல்லும் என்று பார்த்தாக வேண்டும். நூறு பக்கத் தீர்ப்பில் நூறு பக்கமும் சட்டமல்ல. முடிவுக்கு எது அடிப்படையோ அதுதான் கட்டும். போகிற போக்கில் நீதிபதி சொன்ன வருத்தம், விசாரணையின் நடுவே கேட்ட கேள்வி, இவையெல்லாம் மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும். "உச்ச நீதிமன்றம் சாட்டையடி" என்று தலைப்புப் போடுவார்கள். சாட்டையடி சட்டமாகாது. என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் கொண்டுவருவது அந்தச் சாட்டையடிதான்.

இடைக்கால உத்தரவும் அப்படியே. 2025 மே 6-ஆம் தேதி மகாராஷ்டிர உள்ளாட்சித் தேர்தல்களுக்கு நான்கு வாரத்தில் அறிவிக்கை வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதை நீங்கள் டிவியில் பார்த்திருக்கலாம். அந்த நான்கு வாரக் கெடு மகாராஷ்டிரத்துக்கு. அதைக் காட்டி நம் கலெக்டரிடம் "உங்களுக்கும் நான்கு வாரம்தான்" என்று சொல்ல முடியாது. வேண்டுமானால், "அங்கே இவ்வளவு அவசரம் காட்டிய நீதிமன்றம் இங்கேயும் காட்ட வேண்டும்" என்று நம் மனுவில் ஒரு பத்தி சேர்க்கலாம். அவ்வளவுதான்.

அப்புறம், எத்தனை நீதிபதிகள் உட்கார்ந்து சொன்னது என்று பார்க்க வேண்டும். ஐவர் அமர்வு சொன்னதை மூவர் அமர்வு மாற்ற முடியாது. உங்கள் விஷயத்தில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2019 டிசம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, தமிழ்நாட்டில் புதிதாகப் பிரித்த, பிரிவுக்கு உள்ளான ஒன்பது மாவட்டங்களில் வார்டு மறுவரையறையை, அதாவது வார்டு எல்லைகளைப் புதிதாகப் பிரிப்பதை, முடித்துவிட்டுத் தேர்தல் நடத்துங்கள் என்று சொல்லி, அவற்றை மட்டும் நிறுத்திவைத்தது. மறுவரையறைக்காகத் தேர்தலைத் தள்ளலாம் என்று வாதாடுகிறவர் கையில் இருக்கிற தீர்ப்பு இது. எதிர்ப்பக்கம் நிற்கிறவர் 2006-ஐ எடுப்பார். கூடவே 2022 மே 10-ஆம் தேதி சுரேஷ் மகாஜன் வழக்கில் வந்த உத்தரவையும் எடுப்பார். மத்தியப் பிரதேச வழக்கு அது. மறுவரையறை முடியட்டும், பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்க முடியாது, இருக்கிற வார்டை வைத்து நடத்துங்கள் என்றார்கள். மத்தியப் பிரதேசத்தோடு நிறுத்தவில்லை, எல்லா மாநிலங்களும் எல்லா மாநிலத் தேர்தல் ஆணையங்களும் இப்படியே நடக்க வேண்டும் என்று அதிலேயே எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், 2019 உத்தரவு புது மாவட்டம் பிறந்த இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்பது என் வாசிப்பு. ராமநாதபுரத்தை அப்போது யாரும் பிரிக்கவில்லை. 2019-லேயே இங்கே ஓட்டுப் போட்டோம். ஆகவே அந்தச் சாக்கு நமக்கு ஒட்டாது. அரசு வக்கீல் வேறு மாதிரி வாசிப்பார். வாசிக்கட்டும், அது அவர் வேலை.

இனி உங்கள் பெரியவர் ஏன் இவ்வளவு சலித்துப் பேசுகிறார் என்பதற்கு வருகிறேன். அவருடைய சலிப்புக்குச் சட்டம் தெரியாதது காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர் 2016-லிருந்து 2019 வரை நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

2016 அக்டோபர் 17, 19 என்று இரண்டு கட்டமாக உள்ளாட்சித் தேர்தல் அறிவித்திருந்தார்கள். மனுத் தாக்கலும் முடிந்தது. நம் கடற்கரையில் சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்துப் பெயர் எழுதியாயிற்று. அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று போட்ட வழக்கு அது. டிசம்பர் 31-க்குள் ஒழுங்காகத் தேர்தல் நடத்துங்கள் என்றும் அதே தீர்ப்பில் இருந்தது. அந்த அக்டோபரிலேயே பழைய மன்றங்களின் காலமும் முடிந்தது, தனி அலுவலர்கள் வந்தார்கள். டிசம்பர் 31 போனது. 2017 மே 14-க்குள் என்று அடுத்த கெடு. அதுவும் போனது. செப்டம்பரில் மறுபடியும் ஓர் உத்தரவு, நவம்பர் 17-க்குள் முடியுங்கள் என்று. அதுவும் போய், நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. கடைசியில் ஓட்டுப் போட்டது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். மூன்று வருஷத்துக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை.

அந்த 2017-இல் கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். சங்கு குளிக்கிறவர், அறுபது வயது இருக்கும். மடித்த தினக் காலண்டர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அட்டையின் பின்பக்கத்தில் பேப்பர் செய்தி மூன்றைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார். மூன்றிலும் மூன்று தேதி. முதல் இரண்டையும் நீலப் பேனாவால் அடித்துவிட்டு, நவம்பர் 17-ஐ மட்டும் வட்டம் போட்டு வைத்திருந்தார். "இதையும் அடிக்கணுமா, வச்சிருக்கணுமா, அதைமட்டும் சொல்லுங்க" என்றார். நான் சட்டம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று நான் அவருக்குச் சரியான பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

உச்ச நீதிமன்றம் அறிவித்த சட்டத்தை ஓர் அதிகாரி மதிக்காவிட்டால் உடனே அவர் மேல் அவமதிப்பு வழக்குப் போட முடியாது. அந்தச் சட்டத்தைக் காட்டி, நம் ஊருக்கென்று, அந்த அதிகாரியை எதிர்மனுதாரராகச் சேர்த்து ஓர் உத்தரவு வாங்க வேண்டும். இன்னார், இன்ன தேதிக்குள், இன்னதைச் செய்ய வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். நாங்கள் மாண்டமஸ் என்று சொல்வது அதைத்தான். அதை வேண்டுமென்றே மீறினால்தான் அவமதிப்பு. அதற்கும் ஒரு வருஷ வரம்பு உண்டு, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. வேண்டுமென்றே என்பதை நிரூபிப்பது நம் தலையில். "முயற்சி செய்தோம், மறுவரையறை முடியவில்லை, இன்னும் அவகாசம் வேண்டும்" என்று ஒரு மனு தாக்கலானால், நீதிபதி எவ்வளவு கோபப்பட்டாலும் கடைசியில் பெரும்பாலும் அவகாசம் கொடுத்துத்தான் அனுப்புகிறார். சங்குக்காரரின் அட்டையில் மூன்று தேதி சேர்ந்தது இப்படித்தான். 2019 டிசம்பர் உத்தரவில் ஒன்பது மாவட்டங்களுக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள். இடையில் கொரோனா வந்தது. தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். தீர்ப்பு கட்டாமல் இல்லை. யாராவது விடாமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தால்தான் அது நகர்கிறது.

சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு நீதிமன்றத்தின் வாயை அடைத்துவிட முடியாதா என்றும் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டீக்கடையில் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தனி அலுவலர் வைக்கவும் ஊராட்சிச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்துதானே செய்கிறார்கள்?

இதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு கதை இருக்கிறது, இரண்டும் ஒரே தேதியில் தொடுகிற கதை. முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் திருத்தம் போட்டு 136 அடிதான் என்று எழுதிக்கொண்டது. அந்தத் தண்ணீர் வைகையில் கலந்து வந்தால்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குக் கொஞ்சமாவது எட்டும், அதனால் இது நமக்கு அந்நியக் கதையில்லை. 2014 மே 7-ஆம் தேதி ஐவர் அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. அணை பலமாக இருக்கிறது என்று நீதிமன்றம் ஆதாரம் பார்த்து முடிவு செய்த பிறகு, அதே விஷயத்தில் சட்டமன்றம் உட்கார்ந்து வேறு தீர்ப்பு எழுத முடியாது என்பதுதான் காரணம். அதே மே 7-ஆம் தேதிதான் ஜல்லிக்கட்டுக்குத் தடை விழுந்தது. 2017-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. 2023 மே 18-இல் ஐவர் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஏன் அது விழுந்தது, இது நின்றது? இங்கே தீர்ப்பு எந்தச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டதோ அந்தச் சட்டத்தையே முறைப்படி மாற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கினார்கள். வேரை மாற்றலாம், வேரை அப்படியே விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் வெட்ட முடியாது.

ஊராட்சித் தேர்தலில் வேர் சாசனத்தில் இருக்கிறது. 243-இ பிரிவை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான், கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இல்லை. தனி அலுவலர் திருத்தம் இடைவெளியில் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட ஓர் ஆளைக் கொடுக்கிறது, சரி. தேர்தல் நடத்தாமலிருக்க அது அனுமதிச் சீட்டாகாது.

இது நம் ஊர் வம்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். இந்தோனேசியாவில் சாசன வழக்குகளுக்கென்றே தனியாக ஓர் அரசியல் சாசன நீதிமன்றம் உண்டு. நம்மிடம் அப்படித் தனியாக இல்லை, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களுமே அந்த வேலையையும் பார்க்கின்றன. 2024 ஆகஸ்ட் 20-ஆம் தேதி அந்த நீதிமன்றம், உள்ளாட்சித் தலைவர் தேர்தலில் கட்சிகள் வேட்பாளர் நிறுத்துவதற்கான வாக்கு விகித வரம்பைக் குறைத்தது. மறுநாளே நாடாளுமன்றக் குழு ஒன்று தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போகச் சட்டத் திருத்தம் தயாரித்தது. ஆகஸ்ட் 22 அன்று ஜகார்த்தாவில் நாடாளுமன்றத்தின் முன் கூட்டம் திரண்டது, உள்ளே உறுப்பினர் எண்ணிக்கை போதாமல் அமர்வு நின்றது, திருத்தத்தைக் கைவிட்டார்கள். நவம்பர் 27-இல் தேர்தல் தீர்ப்பின்படியே நடந்தது. "தீர்ப்பே இறுதி" என்று அவர்கள் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருந்தும் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

சரி, உங்கள் வார்டு விவகாரம். தேர்தல் அறிவித்ததும் ஸ்டே வாங்கலாமா என்று கேட்டீர்கள். அறிவிக்கை வந்த நிமிஷமே அந்தக் கதவு அநேகமாகச் சாத்திவிடும். இதற்கு மூலத் தீர்ப்பே நம் தமிழ்நாட்டு வழக்குதான். முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்தார். அவர் ரிட் மனுவோடு போனார். 1952 ஜனவரி 21-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அறிவிக்கையிலிருந்து முடிவு அறிவிக்கிற வரை எல்லாம் சேர்ந்ததுதான் "தேர்தல்", நடுவில் எந்த நீதிமன்றமும் தலையிடக் கூடாது, குறை இருந்தால் முடிந்த பிறகு தேர்தல் மனுவில் சொல்லுங்கள். 70 வருஷம் தாண்டியும் அது அசையவில்லை. ஊராட்சிகளுக்கு இதே தடையை 243-ஓ பிரிவு வைத்திருக்கிறது. வார்டு எல்லை பிரித்த சட்டத்தையே கேள்வி கேட்கக் கூடாது என்றும் அதில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. நடுவில் நீதிமன்றம் நுழைய முடிகிற சந்து ஒன்று உண்டு: தேர்தலை நிறுத்துவதற்காக இல்லாமல் ஒழுங்காக நடந்து முடிய உதவுவதற்காகக் கேட்டால் பார்க்கலாம் என்று 2000-ஆம் ஆண்டு அசோக்குமார் வழக்கில் சொன்னார்கள். நீங்கள் கேட்பது ஸ்டே. அது நேர் எதிர்.

அப்படியென்றால் 2016-இல் எப்படி ரத்து செய்தார்கள் என்று மடக்குவீர்கள். மடக்க வேண்டியதுதான். அந்தத் தீர்ப்பைப் பற்றி வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். வழக்குப் போட்டவர்கள் இடஒதுக்கீட்டைச் சரிசெய்யக் கேட்டார்கள். ஊருக்குக் கிடைத்தது மூன்று வருஷத் தனி அலுவலர். அதனால்தான் "வேண்டாம்" என்று முதலிலேயே சொன்னேன். உங்கள் ஸ்டேயினால் பக்கத்து வார்டுக்காரரும் பஸ் ஏறி ஒன்றிய அலுவலகம் போய்க்கொண்டிருப்பார்.

செய்ய வேண்டியதை அறிவிக்கைக்கு முன்னால் செய்யுங்கள், அதாவது இப்போதே. அறிவிக்கைக்கு முன்னாலேயே போட்ட வழக்கு பலித்ததற்கு 2021 மார்ச் 12-ஆம் தேதி வந்த கோவா நகராட்சித் தீர்ப்பு உதாரணம். சில நகராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வார்டு ஒதுக்காமல் விட்டிருந்தார்கள். மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அந்த ஒதுக்கீட்டு ஆணையை ரத்து செய்ததை உச்ச நீதிமன்றமும் சரி என்றது. மாநிலச் சட்டச் செயலாளரையே தேர்தல் ஆணையராகவும் வைத்திருந்ததைக் கண்டித்து, அரசுப் பணியில் இருப்பவர் யாரும் மாநிலத் தேர்தல் ஆணையராக இருக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துச் சொன்னது.

வார்டு எல்லை வரைவு வரும்போது ஆட்சேபம் கேட்பார்கள். ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒன்றிய அலுவலகத்திலும் ஒட்டுவார்கள். அநேகமாகப் பொடி எழுத்தில், வெயிலில் வெளிறிப்போய் இருக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டிய தேதி தெரிகிற மாதிரி. ஆட்சேபத்தில் "எங்கள் சமுதாயத்தைப் பிரித்துவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் குப்பைக்குத்தான் போகும். எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, நடுவில் எல்லையாக என்ன இருக்கிறது, தெரு முழுதாக ஒரே வார்டில் வந்தால் மக்கள்தொகை எவ்வளவு மாறும் என்று கணக்காக எழுத வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்கள், நில்லுங்கள். நாளைக்கு ஹைகோர்ட்டில் எனக்குப் பேச வாய் தருவது அந்த ஒரு முத்திரைதான். ஆட்சேபத்தைப் பார்க்காமலேயே எல்லையை முடித்துவிட்டார்கள் என்று அறிவிக்கைக்கு முன்னால் காட்ட முடிந்தால், அது வேறு வழக்கு. தேர்தலே முடிந்துவிட்டால் மாவட்ட நீதிபதி முன் தேர்தல் மனுதான். முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாள். ஒரு நாள் தாண்டினாலும் போச்சு.

முதல் கேள்விக்கான வேலையை இதோடு சேர்த்தே பார்க்கலாம். தேர்தல் எப்போது, மறுவரையறை எந்த நிலையில் இருக்கிறது, 2006 தீர்ப்பின்படி உயர் நீதிமன்றத்தை அணுக ஆணையம் ஏதாவது நடவடிக்கை எடுத்ததா என்று மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் வில்லை, 30 நாளில் பதில் வர வேண்டும். பதில் வந்தாலும் நமக்கு ஆவணம், வராவிட்டாலும் ஆவணம். ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு, தனி அலுவலர் நடத்தியாக வேண்டும். அங்கே தேர்தல் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். மத்திய நிதி ஆணையம் சொல்லி ஊராட்சிகளுக்கு வருகிற மானியம் தேர்தல் நடந்து அமைந்த மன்றங்களுக்குத்தான் என்பதையும் தீர்மானத்தில் ஒரு வரி எழுதுங்கள். விளக்கும் குழாயும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் வேண்டாம்.

வழக்கு என்று வந்தால் மதுரைக் கிளைதான், நம் மாவட்டம் அதன் எல்லையில் வருகிறது. கட்சிக்காரர் யாரையும் முன்னால் நிறுத்தாதீர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும். நீங்கள், மகளிர் குழுவிலிருந்து ஒருவர், முடிந்தால் அந்தப் பெரியவரும் சேர்ந்து மனுதாரராக இருந்தால் போதும். அவர் வருவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு விவரமாக "குஜராத் கேஸ்" என்று சொன்னவர் அதைப் படிக்காமல் சொல்லியிருக்க மாட்டார்.

ஜூன் 14-ஆம் தேதியோடு தடைக்காலம் முடிகிறது, அதற்குப் பிறகு நீங்கள் கடலுக்குப் போய்விடுவீர்கள். அதற்கு முன் ஒரு நாள் காலையில், வெயில் ஏறுவதற்குள், உங்கள் குடியிருப்பின் தெருக்களை நடந்து கதவு எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வாருங்கள். 2019 வாக்காளர் பட்டியலில் இரண்டு வார்டுக்கும் உரிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.